முதலில் பின்பூட்டு

டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையில், டிஃப் லாக், லாக்கர் என்றெல்லாம் சொல்லப்படும் டிஃபரன்ஷியல் பூட்டைக் கேட்டு வாங்கியவர்களின் வண்டியில் மட்டும், டாஷ்போர்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒரு படி திருப்பினால் பின் ஆக்சில் பூட்டிக்கொள்ளும். இன்னொரு படி திருப்பினால் பின்னோடு சேர்ந்து முன்னும் பூட்டிக்கொள்ளும். முன்னை மட்டும் தனியே பூட்ட அதில் வழியே கிடையாது. முன் லாக்கரா, பின் லாக்கரா என்று காட்டுப்பாதைக்காரர்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும் வழக்குக்கு, 1990-ல் வந்த அந்த வண்டி ஒரு திருகிலேயே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது.

மெர்சிடீஸ் ஜி-வேகன் இதே தீர்ப்பை இன்னும் பகட்டாகச் சொல்லும். டாஷ்போர்டின் நடுநெற்றியில் மூன்று பொத்தான்கள், மேலே 1, 2, 3 என்று எண் போட்டு. நடு டிஃபரன்ஷியல், பிறகு பின், கடைசியில் முன். அமெரிக்காவில் 2003 மாடலாக முதல் ஜீப் ராங்ளர் ரூபிகான் வந்தபோது, இரண்டு ஆக்சிலுக்கும் தொழிற்சாலையிலேயே லாக்கர் போட்டுக் கொடுத்தார்கள். சியரா நெவாடா மலையில் பாறை பாறையாகப் போகும் ஒரு தடத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட வண்டி அது. அதிலும் பின் லாக் விழுந்த பிறகுதான் முன் லாக் விழும். ஜப்பானிலும் ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும் வண்டி செய்தவர்கள் ஒரே வரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள். வண்டியின் குணம் தெரிய வேண்டும் என்று குதிரைத்திறனைக் கேட்பவர்கள் கேட்கட்டும். நான் முதலில் இந்தப் பொத்தான்களின் வரிசையைத்தான் தேடுவேன்.

வரிசையை ரசிக்க வேண்டுமானால் ஆக்சிலின் நடுவே இருக்கும் கிரவுன் ஹவுசிங்குக்குள் கொஞ்சம் தலையை விட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 9.4 மீட்டர் அதிகம் உருள வேண்டும். வட்டம் சிறிதோ பெரிதோ, கணக்கு மாறாது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். தேர் மூலை திரும்பும்போது முட்டுக்கட்டைக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்புக்கு 1820-களின் இறுதியில், ஒரு நீராவி வண்டிக்காக, பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் ஒனெசிஃபோர் பெக்கேர். அவர் கடிகாரக்காரர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. டிஃபரன்ஷியலைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், அது கடிகாரக்காரரின் மூளையில் உதித்த சாமான் என்று பார்த்தவுடன் தெரியும்.

அதன் அழகும் தொல்லையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பூட்டாத டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பலவீனமான சக்கரம் முடிவு செய்யும். ஒரு டயர் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால் அது வாங்கிக்கொள்ளும் விசை சொற்பம். அப்போது காய்ந்த பாறையில் கெட்டியாக நிற்கும் மற்ற டயருக்கும் அதே சொற்பம்தான். அந்தரத்தில் இருப்பது காற்றாடியாகச் சுற்ற, பாறையில் இருப்பது சும்மா நிற்கும். ஃபோர்-பை-ஃபோர் என்று பெயர் எழுதிய வண்டிகூட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிவிட்டால் இப்படித்தான் நின்றுவிடும்.

டெல்டாவில் சேற்றுழவு ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. டிராக்டரில் குதிகாலால் மிதிக்கும் டிஃப் லாக் பெடல் இருக்கிறது. ஒரு பெரிய டயர் சேற்றில் அமிழ்ந்து வீணாகச் சுற்ற ஆரம்பித்ததும் மிதிப்பார்கள், இரண்டும் சேர்ந்து சுழன்று வண்டி மேலேறும், வரப்போரம் திரும்பும் முன் காலை எடுத்துவிடுவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து வண்டியை உயர்த்திக்கொண்டு வரும் நகரத்து ஆர்வலர்களில் பலரைவிட, எப்போது எடுக்க வேண்டும் என்பது அந்தக் குதிகாலுக்கு நன்றாகத் தெரியும்.

பூட்டும் விதத்தில் ஒரு சிக்கனம் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு சக்கரத்தையும் பூட்ட இரண்டு பூட்டு வேண்டும் என்றுதானே தோன்றும்? வேண்டாம். எஞ்சினின் சுழற்சியை வாங்கும் கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இடம், வலம் என்று இரண்டு பக்கப் பல்சக்கரங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே சிறு பல்சக்கரங்கள் கோத்திருக்கும். ஒரு பக்கத்துப் பல்சக்கரத்தை மட்டும் கூட்டோடு பிணைத்தால் போதும். நடுவில் உள்ள குட்டிகள் உருள இடமில்லாமல் நின்றுபோக, அடுத்த பக்கமும் தானாகச் சிறைப்படும். ஒரு பல்வளையம் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆக்சில் முழுதும் ஒரே கம்பியாகிவிடுகிறது.

அந்த வளையத்தை நகர்த்துவதில்தான் ஆளுக்கொரு வழி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி காற்றால் தள்ளும். ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற கண்டுபிடிப்பின் உரிமையை 1987-ல் வாங்கி வளர்த்து உலகமெங்கும் விற்றது அந்த நிறுவனம். சின்ன கம்ப்ரசர், பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு குழாய், பொத்தானை அழுத்தினால் 'டக்'. காற்றுக் கசியாத வரை இதைப் போல் சுறுசுறுப்பு வேறொன்றில் இல்லை. டொயோட்டா மின்மோட்டாரை வைத்தது. அது நிதானக்காரர். திருகைத் திருப்பியதும் விளக்கு கண் சிமிட்டும், பற்கள் நேருக்கு நேர் வந்து கோத்த பிறகுதான் சிமிட்டல் நிற்கும். பொறுமையில்லாதவர்கள் அந்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காரியத்தைக் கெடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது நெம்புகோல். நம் ஊர் ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று கையால் இழுக்கும் டிஃப் லாக் உண்டு. இழுக்கும்போது சில சமயம் வராது. பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கும். வம்புக்கு இழுக்கக் கூடாது. வண்டியை மெல்ல ஊரவிட்டு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அசைத்தால், இரண்டு சக்கரங்களின் வேகத்தில் ஒரு துளி வித்தியாசம் வரும், பற்கள் இடம் கண்டுபிடித்துக்கொள்ளும். சட்டென்று உள்ளங்கையில் ஓர் இறக்கம் தெரியும். எடுக்கும்போதும் அப்படியே, பாரத்தில் இறுகிய வளையம் உடனே விடாது. நேராகப் போய் காலை எடுத்தால்தான் கழன்று வரும். பொத்தான் வண்டிகளில் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை இங்கே கை சொல்லிவிடுகிறது. கூர்க்காவின் மற்ற விஷயங்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டு நெம்புகோலுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்வேன்.

இனி வழக்குக்கு வருவோம். பின்பூட்டு ஏன் முதலில்?

முதல் காரணம் ஏற்றம். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2.4 மீட்டர், தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் எடையின் மையம், சமதளத்தில் பாரம் முன்னும் பின்னும் சரிபாதி என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 25 டிகிரி ஏற்றத்தில் அது ஏறும்போது பாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கு பின் சக்கரங்களுக்குப் போய்விடும். முன்னுக்கு 36 தான் மிஞ்சும். பிடிப்பு பாரத்தைப் பின்தொடரும். ஆக ஏறும்போது தரையோடு பேசத் தெம்புள்ளவை பின் டயர்கள்தான். இருக்கிற ஒரு பூட்டை அங்கே போடுவதே முறை.

இரண்டாவது, இரும்பின் கணக்கு. வழக்கமான பின் ஆக்சிலில் கிரவுனிலிருந்து சக்கரம் வரை ஷாஃப்ட் நேரான ஒற்றைத் துண்டு. முன்னால் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் வழியில் ஒரு மூட்டு. பழைய லேண்ட் குரூசர்களில் அதை பர்ஃபீல்டு என்பார்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில்தான் அந்த மூட்டு மிகவும் நொய்ந்திருக்கும். பூட்டாத ஆக்சிலில் இதற்கு இயற்கையான பாதுகாப்பு உண்டு: பாரம் ஏறினால் மறுபக்கச் சக்கரம் சுற்றித் தப்பிக்கவிடும். பூட்டிவிட்டால் மொத்த விசையும் ஒரே ஷாஃப்டில் வந்து இறங்கலாம். வெறும் சேற்றில் டயர் வழுக்கிவிடும், ஒன்றும் ஆகாது. டயர் இரண்டு பாறைக்கு நடுவே ஆப்பு போல மாட்டி வழுக்கவும் முடியாமல் நிற்கும்போதுதான் விபரீதம். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர், லோ ரேஞ்ச் முதல் கியரில் எல்லாம் சேர்ந்து 40 மடங்கு என்றால் 12,000 நியூட்டன் மீட்டர் அந்தப் பக்கம் போக வழி திறந்திருக்கிறது. ஸ்டீயரிங் ஒடித்திருக்க, முன் லாக் விழுந்திருக்க, கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தியிருக்க, 'டமார்' என்று கேட்பது பெரும்பாலும் அந்த மூட்டுதான்.

மூன்றாவது காரணம் ஸ்டீயரிங். பின்னைப் பூட்டினால் வண்டி நேராகப் போகத்தான் ஆசைப்படும், இருந்தாலும் முன் சக்கரங்கள் இழுத்த இழுப்புக்கு ஓரளவு வரும். முன்னைப் பூட்டினால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும்; திருப்பினால் நேராக்கிக்கொள்ளத் துடிக்கும். கொண்டை ஊசி வளைவில் அப்படி மாட்டினால் முன்னும் பின்னுமாக எடுத்துத்தான் திரும்ப வேண்டும். லாக் எதுவானாலும் திரும்பும் திறனைக் கொடுத்துத்தான் இழுப்பை வாங்குகிறோம். பின்பூட்டு குறைந்த விலைக்கு வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு விருந்து முன்பூட்டுதான்.

முழங்கால் உயரப் பாறைப்படி ஒன்றில் முன் சக்கரங்கள் முட்டி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படியில் உரசி நிற்கிறது, மற்றது ஈரமான வேரின் மேல் வழுக்குகிறது. பின்பூட்டு விழுந்த பின் சக்கரங்கள் முழு மூச்சோடு தள்ளுகின்றன. தள்ளி என்ன பயன்? செங்குத்தான கல்லில் டயரை இன்னும் இறுக்கி அழுத்துகின்றன, அவ்வளவுதான். அந்த டயர் மேலே வர வேண்டுமானால் அதுவே கல்லைப் பற்றிச் சுழல வேண்டும். முன் லாக்கைப் போட்டதும் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று நிதானத்துக்கு வரும். படியில் இருக்கும் டயரின் பக்கச்சுவர் கல்லின் விளிம்பில் மடிந்து கவ்வும். எஞ்சின் சத்தம் கூடாமலே வண்டியின் மூக்கு எழும். பின்பூட்டோடு அதே படியை ஏற வேகம் வேண்டும், வேகத்தோடு கொஞ்சம் முரட்டுத்தனமும் வேண்டும். முன்பூட்டு நடை வேகத்துக்கும் கீழே, தூசி எழுப்பாமல் முடித்துவிடும்.

இறக்கத்திலும் முன் லாக்குக்கு மதிப்பு உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. இறங்கும்போது பாரம் முன்னால் வந்துவிடும். பூட்டாத ஆக்சிலில் ஒரு சக்கரம் தூக்கினால் அது பின்னோக்கிச் சுற்றி, அந்த ஆக்சிலில் எஞ்சின் பிரேக் காணாமல் போகும். பூட்டியிருந்தால் தரையில் உள்ள டயர் எஞ்சினின் பிடியை விடாது. நேரான இறக்கமாக இருக்க வேண்டும், அது முக்கியம். ரிவர்ஸில் ஏறுவது இன்னும் வேடிக்கை. அப்போது முன் ஆக்சில்தான் பள்ளத்துப் பக்கம், பாரம் முழுக்க அதன் மேல், அதாவது அதுவே பின் ஆக்சிலின் வேலையைச் செய்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. கிரவுன் வீலின் பற்களுக்குப் பலமான முகம் ஒன்று, பலம் குறைந்த முகம் ஒன்று. அந்தச் சக்கரத்தை ஓட்டும் பினியன் தாழ்வாக அமைந்த சாதாரண முன் ஆக்சிலில், வண்டி முன்னே போகும்போது பலம் குறைந்த முகம்தான் பாரத்தைத் தாங்கும். ரிவர்ஸில் பலமான முகம். லேண்ட் குரூசர் 80-ன் முன் ஆக்சிலில் பினியனை உயர்த்தி, பல்லின் சாய்வையும் மாற்றி வெட்டி, முன்னே போகும்போதே பலமான முகம் வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். முன் லாக்கரை நம்பிக் கொடுப்பதற்கு முன் அவர்கள் செய்த வீட்டுப்பாடம் இது. திருகில் அது தெரியாது. ஹவுசிங்கின் நெற்றி உயரத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும்.

இந்த ருசி கண்டவர்கள்தான் வயரை வெட்டி ஒட்டி, தொழிற்சாலை மறுத்த 'முன் மட்டும்' என்ற நிலையைத் தங்கள் வண்டியில் உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஜீப்காரர்களிடமும் லேண்ட் குரூசர்காரர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. நான் அதை அத்துமீறல் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது: பக்கச் சரிவு. மலை ஒரு தோளில் ஏறி மறு தோளில் இறங்க, வண்டி சாய்ந்தபடி குறுக்கே போகிறது. தரை ஈரக் களிமண். பூட்டாத ஆக்சிலில் ஒரு டயர் வழுக்கினாலும் மற்றது அமைதியாக நின்று, வண்டி பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்ளும். பின்னைப் பூட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். வால் பள்ளத்தை நோக்கி நழுவும். அந்த இடத்தில் பின்னை விடுவித்து, முன்னை மட்டும் பூட்டினால், மூக்கு காட்டும் திசையில் வண்டி இழுபடும், வால் பின்தொடரும். திறமையான கைகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெதுவாக, டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு கடப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் கட்சி.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வகைகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. டெட்ராய்ட் லாக்கர் முரட்டு உழைப்பாளி, உடைவது அபூர்வம். திருப்பங்களில் 'கட் கட்' என்று அது போடும் சத்தத்தை இசையாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மஹிந்திரா தாரின் பின் ஆக்சிலில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக், இரண்டு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டதும் உள்ளே ஒரு சுழல் எடை விரிந்து, பிடித்துக்கொள்ளும். நல்ல மூளை. ஆனால் முதலில் வழுக்க வேண்டும், பிறகுதான் பூட்டு. ஈரமண்ணில் அந்த வழுக்கலே குழி தோண்டிவிடும். ஜிம்னி போல பிரேக்கைக் கொண்டு சுற்றும் சக்கரத்தை அடக்கும் வண்டிகளுக்கும் இதே குறை. கையால் போடும் லாக்கின் பெருமை, தேவை வருமுன்பே போட முடிவதில் இருக்கிறது. அதற்குத் தடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்கள் பெரும்பாலும் லாக்கரே இல்லாத பழைய வண்டிகளில், எந்த டயரை எந்தக் கல்லில் வைப்பது என்ற படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு போய் வருகிறார்கள். லாக்கர் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் ஒரு தடவை அந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டு போய் வரலாம்.

ஒரே ஒரு லாக்கருக்குத்தான் பணம் இருக்கிறது என்று கேட்டால், மலையேற்றமும் சேறும் கலந்த நம் பக்கத்துத் தடங்களுக்குப் பின்னையே சொல்வேன். ஏற்கெனவே பின்னால் ஏதோ ஒரு பூட்டு வரும் வண்டி என்றால் கேள்வி மாறுகிறது. அப்போது முன்னைப் பற்றி யோசிக்கலாம். முன்னால் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு உள்ள வண்டியில் ஒரு முரண் காத்திருக்கிறது: சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைவு, ஆகவே முன் சக்கரம்தான் முதலில் தூக்கும், முன் லாக்கரின் தேவை அங்கேதான் அதிகம். அந்த வண்டிகளின் முன் ஷாஃப்டுகளோ மெலிந்தவை. பாறைக்காரராக இருந்தால் ஷாஃப்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். பெரிய டயரும் போட்டிருந்தால் கண்டிப்பாக.

மெர்சிடீஸின் மின்சார ஜி 580 வந்தபோது ஆவலோடு விவரம் படித்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார், டிஃபரன்ஷியலே இல்லை, பூட்டுவதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஏறுவதில் குறை சொல்ல இடமிருக்காது என்றே நினைக்கிறேன். முன்னா பின்னா என்ற கேள்வியே அந்த வண்டிக்குக் கிடையாது. எனக்கு அதில் பேச ஒன்றும் அகப்படவில்லை.

லாக்கர் உள்ள பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வருடக்கணக்கில் தொடாமல் விட்ட மின்மோட்டார் துருவேறி இறுகிப்போயிருப்பது சாதாரணம். மற்ற ஆக்சிலின் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, சோதிக்கும் ஆக்சிலை, முதலில் பின் ஆக்சிலை, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கட்டும். லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும், அல்லது பேசாமல் நிற்கும். லாக்கைப் போட்டு மறுபடி சுற்றுங்கள், பற்கள் கோக்கும்வரை கொஞ்சம் முன்னும் பின்னும். இரண்டும் ஒரே திசையில் ஒன்றாகச் சுற்றினால் பின் ஆக்சில் சரி. அதையே முன்னுக்கும் செய்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.